காரின் துணி சீட்டைக் கழுவும்போது செய்யக்கூடாதவை

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர் எங்கே போனாலும் வாசலில் நாலு கதவையும் திறந்துபோட்டுக் கார் நிற்கும். வெளியே ஓஸ் பிடித்த சூட்டோடு சிலர் உள்ளே சீட்டுக்கும் பிடித்துவிடுகிறார்கள். துணி சீட்டுக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை.

கண்ணுக்குத் தெரிகிற துணி மெல்லியது. அதற்குக் கீழே கனமான ஃபோம். துணி சீக்கிரம் காய்ந்துவிடும், ஃபோம் காயாது. உள்ளே தங்கிய ஈரத்தில் பூஞ்சை பிடித்து, இரண்டொரு நாளில் கதவைத் திறந்தாலே மக்கல் வாடை அடிக்கும். இன்னொன்று: ஃபோமுக்குள் இறங்கிய அழுக்கு, காயக் காய ஈரத்தோடு மேலேறி மறுபடி துணியில் வந்து நிற்கும். "நல்லாத்தானுங்க தேய்ச்சேன், கறை திரும்ப வந்துருச்சு" என்கிறவர்களின் சீட்டில் பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான்.

அதனால் தண்ணீரை ஊற்றாதீர்கள். ஷாம்பூவை வாளியில் கலக்கி, நுரையை மட்டும் எடுத்து, இரண்டு கை அகல இடத்தில் மென்மையான பிரஷ்ஷால் தேயுங்கள். நுரை காய்வதற்குள் மைக்ரோஃபைபர் துணியை வைத்து அழுத்தி ஒற்றி எடுத்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போங்கள். ஈரத்தையும் இழுக்கிற வேக்குவம் கிளீனர் இருந்தால் வேலை பாதி. ஷாம்பூ அதிகம் போட்டால் அதிகம் வெளுக்கும் என்று நினைப்பதும் தப்பு. துணியில் மிஞ்சுகிற பிசுக்கு அடுத்த வாரமே தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

கடைசியாகத் துடைக்க உப்புத் தண்ணி வேண்டாம். போர்த் தண்ணீர் காய்ந்தால் கருப்பு சீட்டில் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழும். சிறுவாணித் தண்ணியோ, ஆற்றுத் தண்ணியோ, வீட்டில் எது நல்ல தண்ணியோ அதில் ஒரு சொம்பு போதும்.

நனைப்பதற்கு முன் வேக்குவம் போடாமல் விடுவது அடுத்த தவறு. பழனி போய்வந்த காரில் திருநீறும் குங்குமமும் கொட்டாமல் இருக்காது. அதில் ஈரத்துணி பட்டால் திருநீறு குழைந்து துணி இழைக்குள் போய்விடும், குங்குமம் சாயமாக இறங்கிவிடும். காய்ந்தபடியே உறிஞ்சி எடுத்தால் முக்கால்வாசி போய்விடும்.

மஞ்சள் கறைதான் பலரைப் பயமுறுத்துவது. குழம்பு சிந்திய இடத்தில் சோப்புத் தூளோ சமையல் சோடாவோ போட்டதும் அது செக்கச்செவேல் என்று ஆகிவிடும். சீட்டே போச்சு என்று பதறி இன்னும் சோப்பைப் போட்டுத் தேய்ப்பார்கள். ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் சிவக்கிறதே, அதே சங்கதிதான். சோப்பு, சோடா, சுண்ணாம்பு போன்ற காரப்பொருள் பட்டால் மஞ்சள் நிறம் மாறும். தண்ணீரில் கொஞ்சம் வினிகர் கலந்து ஒற்றினால் பழையபடி மஞ்சளாகிவிடும். எண்ணெய்ப் பிசுக்கு போக, காரத்தன்மை இல்லாத ஷாம்பூவால் துடைத்துவிட்டு, அந்தப் பக்கக் கதவைத் திறந்து வெயில் படும்படி காரை நிறுத்துங்கள். மஞ்சளின் நிறம் வெளிச்சத்துக்குத் தாங்காது, மெல்ல மெல்ல வெளிறிவிடும். பிளீச்சிங் பவுடர் பக்கமே போகாதீர்கள். கறையோடு சீட்டின் சாயமும் போய்விடும். குழந்தை கக்கிய பாலுக்கு வெந்நீர் ஆகாது, சூட்டில் அது திரிந்து இழையோடு ஒட்டிக்கொள்ளும்.

அப்புறம், நாள் பார்ப்பது. நம் பக்கம் ஐப்பசி மழைதான் பெரிய மழை. ஆயுத பூஜையும் தீபாவளியும் அதை ஒட்டியே வருகின்றன. சீட்டு வேலையைப் பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் வைத்துக்கொண்டால், ஈர சீட்டோடு கண்ணாடியை ஏற்றிப் பூட்ட வேண்டியதுதான். இரண்டு வாரம் முன்னாலேயே, நல்ல வெயில் நாளில், காலையில் தொடங்குங்கள். ஆடி மாதத்தில் கழுவுகிறவர்களுக்கு, பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றில் அருமையாகக் காயும். ஆனால் பல்லடம், உடுமலைப் பக்கம் அது மண்ணையும் வாரிக்கொண்டு வரும். காற்றடிக்கிற பக்கத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டு மறுபக்கத்தை இறக்கி வையுங்கள்.

சீட்டுக்கு அடியில் தண்ணீர் பீய்ச்சுவது வாட்டர் வாஷ் கடையில் நடக்கிற வேலை. வாட்டர் வாஷுக்கு விடும்போதே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற கனெக்டர் தெரிந்தால் அது பெரும்பாலும் ஏர்பேக் அல்லது சீட் பெல்ட் சம்பந்தப்பட்ட ஒயர். அதைக் கழற்றிப் பார்க்கவும் வேண்டாம், டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரிய ஆரம்பித்தால் சர்வீஸ் சென்டருக்குத்தான் போகவேண்டி வரும்.