சிந்தசைசர் பெட்டிக்கு மரமா, பிளைவுட்டா? சறுக்கும் இடங்கள்

தஞ்சாவூர் வீணைக்குப் பலா மரம் தேடுவதில் அர்த்தம் இருக்கிறது. அங்கே மரமும் சேர்ந்து பாடுகிறது. சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியில் ஒலி பிறப்பது சர்க்யூட்டில். பெட்டி அதைத் தாங்குகிறது, அவ்வளவுதான். தேக்கில் செய்தால் ஒலி கனமாக வரும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். 1970-இல் வந்த மினிமூக் சிந்தசைசரின் மரப்பெட்டி அழகுதான், ஆனால் அது கண்ணுக்கு.

நான் கெடுத்த முதல் யூரோராக் பெட்டி தேக்கு. யூரோராக் என்றால் சிந்தசைசரைத் தனித்தனித் துண்டுகளாக (மாட்யூல்) வாங்கி ஒரே பெட்டியில் திருகி மாட்டும் அளவுமுறை. மாட்யூல்களைத் தாங்கும் இரண்டு அலுமினியத் தண்டவாளங்களின் திருகுத் துளைகளுக்கு நடுவே செங்குத்தாக 122.5 மி.மீ. இருக்க வேண்டும். பக்கப் பலகையில் மர ரேகை முன்னிருந்து பின்னாக ஓடும்படி அறுத்துவிட்டேன். பலகையும் சரியாகக் காயாதது. சித்திரை வெயிலில் அது சுருங்கி, இடைவெளி ஒரு மி.மீ. குறைந்தது. மேல் திருகு உட்கார்ந்தால் கீழ்த் திருகு உட்காரவில்லை.

மரம் ரேகைக்குக் குறுக்கேதான் விரிந்து சுருங்கும். ரேகை வாக்கில் அசைவே இல்லை எனலாம். பக்கப் பலகையில் ரேகை மேலிருந்து கீழாகவும், மேல், அடிப் பலகைகளில் இடமிருந்து வலமாகவும் ஓடினால் நான்கும் ஆழவாக்கில் சேர்ந்தே அசையும். முட்டிக்கொள்ளாது. தேக்குப் பெட்டிக்குப் பிளைவுட் அடிப்பலகையை முழுக்கப் பசை போட்டு ஒட்டுவதும் இதே வம்புதான்: ஒன்று அசையும், மற்றது அசையாது, கடைசியில் விரிசல். திருகுத் துளையை நீள்வட்டமாகப் போட்டு முடுக்குங்கள்.

பிளைவுட்டில் அடுக்குகள் மாறி மாறிக் குறுக்காக ஒட்டியிருப்பதால் இந்தத் தொல்லை இல்லை. அங்கே வேறு தவறுகள். 18 மி.மீ. என்று விற்கும் ஷீட் பெரும்பாலும் அதைவிட மெலிந்திருக்கும். 84 எச்பி (மாட்யூல் அகலத்துக்கான அலகு) அகலம் 426.72 மி.மீ. என்று காகிதத்தில் கணக்குப் போட்டு அறுத்துவிடாதீர்கள். தண்டவாளத்தை முதலில் வாங்கி, ஷீட்டின் தடிமனையும் வெர்னியரில் அளந்துவிட்டு அறுங்கள். விளிம்பில் துளை போடாமல் திருகு முடுக்கினால் அடுக்கு பிளந்துகொள்ளும். வாங்கும்போதே விளிம்பைப் பாருங்கள், பொந்து தெரிந்தால் வேண்டாம். வீட்டுக்குள் வைக்கும் பெட்டிக்கு எம்ஆர் (ஓரளவு ஈரம் தாங்கும்) ரகமே போதும். கடைக்காரர் மரைன் பிளை என்பார், அது சமையலறை சிங்க்குக்கு அடியில் போகட்டும். ஒரு வரிசைப் பெட்டி என்றால் 12 மி.மீ. தாராளம்.

மரம் என்பதால் ஷாக் அடிக்காது என்று நினைத்து, 230 வோல்ட் பவர் சப்ளையை உள்ளே வைத்துத் தண்டவாளத்துக்கு எர்த் கொடுக்காமல் விடாதீர்கள். வெளி அடாப்டர் வைத்துக்கொண்டால் இந்தப் பயமே வேண்டாம்.