காணி பேர்ச்சில், பிளான் ஹெக்டேயரில்: மனக்கணக்கில் அளவு மாற்றுவது எப்படி

கொழும்பில் பழைய ஆங்கில அளவுமுறை, மெட்ரிக் அளவுமுறை இரண்டும் ஒரே நாளில் கையில் வந்துபோகும். காணி பேர்ச்சில், வீடு சதுர அடியில், பெற்றோல் லீற்றரில், ஆளின் உயரம் அடி அங்குலத்தில், எடை கிலோவில். ஃபோனில் தட்டிப் பார்க்கலாம்தான், ஆனால் காணித் தரகர் முன்னால் நின்று பேசிக்கொண்டிருக்கும்போதோ புறக்கோட்டையில் துணியை விரித்துப்போட்டுக் கடைக்காரர் காத்திருக்கும்போதோ மனக்கணக்குதான் கைகொடுக்கும். முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். குறுக்குவழி உங்களைச் சரியான விடைக்குக் கிட்டத்தில் கொண்டுபோய் விடும், அவ்வளவுதான். அது கூட்டிக் காட்டுகிறதா குறைத்துக் காட்டுகிறதா என்பதையும் சேர்த்தே பாடமாக்குங்கள்.

எடை சுலபம். கிலோவை இரட்டிப்பாக்கி, வந்ததில் பத்திலொன்றைக் கூட்டினால் இறாத்தல்: 70 கிலோ என்றால் 140, அதோடு 14, ஆக 154. திரும்பி வர, பாதியாக்கிப் பத்திலொன்றைக் கழியுங்கள். லண்டனில் இருந்து 7 இறாத்தலில் பிள்ளை பிறந்திருக்கிறது என்று சொன்னால் 3.5, அதில் 0.35 போக 3.15 கிலோ. உண்மையில் 3.18 வரும். ஒரு இறாத்தல் பாண் 450 கிராம் என்பதை நினைவில் வைத்திருந்தால் இந்தக் கணக்கே தேவையில்லை.

தூரத்துக்கு, கிலோமீற்றரில் பாதியோடு பத்திலொன்றைக் கூட்டுங்கள். அதிவேக நெடுஞ்சாலையில் 100 என்றால் 60 மைல். சரியான கணக்கு 62, ஆகவே இந்த வழி எப்போதும் கொஞ்சம் குறைத்தே காட்டும். 5, 8, 13, 21, 34, 55, 89 என்ற வரிசை தெரிந்தவர்களுக்கு இன்னும் நல்லது: ஒரு எண்ணை மைல் என்று எடுத்தால் அடுத்தது கிட்டத்தட்டக் கிலோமீற்றர்.

வெப்பநிலையைச் செல்சியஸில் இருந்து ஃபாரன்ஹீட்டுக்கு மாற்ற எல்லோரும் சொல்வது இரட்டிப்பாக்கி 30 கூட்டு என்பது. நம் ஊர் வெயிலுக்கு அது சரிவராது, 30 பாகையை 90 ஃபாரன்ஹீட் ஆக்கிவிடும். நான் சொல்வது இது: இரட்டிப்பாக்குங்கள், பத்திலொன்றைக் கழியுங்கள், 32 கூட்டுங்கள். 60, 54, 86. இது அச்சொட்டான விடை. காய்ச்சலுக்கு மட்டும் எந்தக் கணக்கும் போடாமல் 37 என்றால் 98.6, 38 என்றால் 100.4, 39 என்றால் 102.2, 40 என்றால் 104 என்று அப்படியே மனப்பாடம் செய்யுங்கள். பிள்ளைக்கு மருந்து கொடுக்க எடை பார்க்கும்போதும் தராசில் கிலோவிலேயே நிறுத்துப் பாருங்கள், குறுக்குவழி வேண்டாம்.

ஜப்பானில் இருந்து வந்த காரின் கதவோரத்தில் டயர் காற்று 220 கிலோபாஸ்கல் என்று ஒட்டியிருக்கும், ஆனால் ஷெட்டில் காற்றடிப்பவர் பி.எஸ்.ஐ.யில் (சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல்) கேட்பார். 7ஆல் வகுத்தால் 31.4. இது சற்றுக் குறைத்துக் காட்டும் வழி, ஆகவே மேல்பக்கம் முழுமையாக்கி 32 என்று சொல்லுங்கள்.

பிழை எந்தப் பக்கம் விழுகிறது என்பது துணியில்தான் முக்கியம். யார் (கெஜம்) அளவில் இருந்து பத்திலொன்றைக் கழித்தால் மீற்றர் என்பார்கள். தையற்காரர் 5 யார் கேட்டால் இந்தக் கணக்கில் 4.5 மீற்றர், ஆனால் உண்மையில் வேண்டியது 4.57. ஏழு சென்றிமீற்றர் குறைந்தால் கையோ ஓரமோ இடிக்கும், வெட்டிய துணியை ஒட்ட முடியாது. கால் மீற்றர் கூட வாங்கிவிடுங்கள்.

இனி காணி. ஒரு பேர்ச் 272¼ சதுர அடி, சதுர மீற்றரில் 25.29. ஏக்கருக்கு 160 பேர்ச், யாழ்ப்பாணக் கணக்கில் 10 பேர்ச் ஒரு பரப்பு. பழைய உறுதியில் ஏக்கர், றூட், பேர்ச் என்று இருக்கும் (றூட் ஒன்று 40 பேர்ச்), புதிய பிளானில் 0.0379 ஹெக்டேயர் என்று இருக்கும், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர் குழம்பித்தான் போவார். புள்ளிக்குப் பின்னுள்ள நாலு இலக்கத்தையும் ஒரே எண்ணாக வாசித்து நாலால் பெருக்குங்கள்: 379 நாலு தரம் 1516. கடைசி இரண்டு இலக்கத்துக்கு முன்னால் புள்ளி வைத்தால் 15.16 பேர்ச். நூற்றில் ஒரு பங்கைக் கழித்தால் 15. தரகர் 16 பேர்ச் என்று சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே கேட்டுவிடலாம். ஆனால் வெள்ளவத்தைப் பக்கம் ஒரு பேர்ச்சின் விலை பல இலட்சம், ஆகவே பணம் கைமாறுவதற்கு முன் கல்குலேட்டரை எடுத்து ஹெக்டேயரை 395.37ஆல் பெருக்கிச் சரிபாருங்கள். மனக்கணக்கு கேள்வி கேட்கத்தான், கையெழுத்துப் போட அல்ல.

வீட்டின் சதுர அடியைப் பத்தால் வகுத்து நூற்றுக்கு ஏழைக் கழித்தால் சதுர மீற்றர்: 1200 சதுர அடி என்றால் 120, அதில் 8.4 போக 111.6. சரியான கணக்கு 111.5, இதைவிடக் கிட்ட வேறென்ன வேண்டும்.

கட்டட வேலைக்கு மணல் கியூப்பில் வரும், ஒரு கியூப் 100 கன அடி. எஞ்சினியர் கன மீற்றரில் எழுதியிருந்தால் பத்துக் கன மீற்றருக்கு மூன்றரை கியூப் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இதுவும் ஒரு துளி குறைத்துக் காட்டுவதால் பெரிய வேலையென்றால் அரைக் கியூப் கூட்டிச் சொல்லிவிடுங்கள், மிச்சம் வந்தால் பூச்சு வேலைக்கு உதவும்.