சிஎஸ்ஆர் கொள்கை எழுதுமுன்: எது கடமை, எது கொடை?

சிஎஸ்ஆர் (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு) கொள்கை எழுத உட்காரும் கம்பெனிகள் பெரும்பாலும் திட்டப் பட்டியலில்தான் தொடங்குகின்றன: பள்ளிக்குக் கழிப்பறை, ஊருக்குக் கண் சிகிச்சை முகாம். அதற்கு முன்னால் ஒரு பத்தி எழுத வேண்டும். யாருக்கு, ஏன் கடமைப்பட்டிருக்கிறோம்?

ஒரு தாளில் நடுக்கோடு போடுங்கள். இடப்பக்கம் கடமை: உங்கள் தொழிலால் பிறருக்கு நேரும் கேடுகள். வலப்பக்கம் கொடை: உங்களால் உண்டாகாத, ஆனால் நீங்கள் தீர்க்கக்கூடிய குறைகள். சாயப்பட்டறை என்றால் கழிவுநீர் இடப்பக்கம், ஊர் நூலகம் வலப்பக்கம்.

இடப்பக்கத்துக்கு ஜெர்மன் தத்துவவாதி காண்ட்டின் அறம்: எந்த மனிதரையும் வெறும் கருவியாக நடத்தாதே. லாபம் குறைந்தாலும் செய்தே ஆக வேண்டியவை இவை. வலப்பக்கத்துக்குப் பயன்வாதம் போதும். கையிலிருக்கும் பணத்தில் எது கூடுதல் நன்மை தரும் என்று கணக்குப் பார்க்கலாம். அந்தக் கணக்கை இடப்பக்கத்துக்கும் நீட்டினால் கோணிவிடும். நூலகம் கட்டிய புண்ணியத்தில் நொய்யல் ஆற்றில் கலந்த சாயம் கழியாது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது நினைவிருக்கும். வழக்கமான தொழில் நடவடிக்கைக்கு ஆகும் செலவைச் சட்டமும் சிஎஸ்ஆராக ஏற்பதில்லை.

“பங்குதாரர் பணத்தில் தர்மம் செய்ய நாம் யார்?” என்று இயக்குநர் ஒருவராவது கேட்பார். பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன் 1970இல் எழுப்பிய வாதம் இது, மழுப்பாதீர்கள். அவரே லாபத்தைச் சட்டத்துக்கும் அறவழக்கத்துக்கும் உட்பட்டுத்தான் தேடச் சொன்னார். ஆக, இடப்பக்கத்தில் சண்டையே இல்லை. வலப்பக்கத்துக்குக் காந்தியின் தர்மகர்த்தா கொள்கை பதில் தரும்: செல்வம் உடையவர் அதைச் சமூகத்துக்காகக் காப்பவரே. எந்தப் பதிலை ஏற்கிறீர்களோ, அதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். எல்லாத் தத்துவத்தையும் கலந்து எழுதிய கொள்கை எந்தத் திட்டத்தையும் நிராகரிக்க உதவாது.

பிறகுதான் தொகை. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு வரம்புக்குள் வரும் கம்பெனி, முந்தைய 3 நிதியாண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2% செலவிட வேண்டும். லாபம் 6, 9, 12 கோடி என்றால் சராசரி 9 கோடி. தொகை 18 லட்சம். வரி போக மிஞ்சியதை எடுத்துக்கொள்வது அடிக்கடி நடக்கும் பிழை. அதே சட்டத்தின் 198ஆம் பிரிவின்படி கணக்கிட்ட லாபமே செல்லும். நிர்வாகச் செலவு 5%க்குள், அதாவது 18 லட்சத்தில் 90,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது.