பல்கலைக்கழக நூலக ஆண்டு விழா: வன்னியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நூலகத்துக்கு இருபத்தைந்தோ முப்பதோ ஆண்டு நிறையப் போகிறது என்றால் உடனே ஒரு விழாக் குழு அமைந்துவிடும். அதில் ஓடியாடி வேலை செய்பவர்கள் பெரும்பாலும் புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள்தான். அவர்களுடைய உற்சாகம் எனக்குப் பிடிக்கும். ஆனால் எங்கள் தலைமுறை வட இலங்கையின் வன்னிப் பகுதியில் விட்ட அதே பிழைகளை அவர்களும் வரிசையாக விடும்போது பேசாமல் இருக்க முடியவில்லை. அழைப்பிதழில் ஒரு பெயர் விடுபடுவதும் ஒலிவாங்கி மக்கர் பண்ணுவதும் சாப்பாடு பிந்துவதும் அன்றோடு முடிந்துவிடும். ஆண்டுக்கணக்கில் நின்று வலிக்கிறவற்றை மட்டும் சொல்கிறேன்.

வயதை விசாரிக்காமல் பதாகை அடிப்பது

வவுனியாப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1991இல் வட மாகாண இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியது. 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமானது. 2021 ஆகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. இப்படி வளர்ந்த இடத்தில் நூலகத்தின் வயதை எங்கிருந்து எண்ணுவது? 2021இலிருந்து எண்ணினால் அதற்கு முன் முப்பது ஆண்டு உழைத்தவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். கிளிநொச்சியில் தொடங்கி, போரால் யாழ்ப்பாணம் போய், பிறகு கிளிநொச்சியின் அறிவியல் நகருக்குத் திரும்பிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்தின் நூலகத்துக்கும் இதே சிக்கல் உண்டு. நூல் சேர்க்கைப் பதிவேட்டின் முதல் பக்கத்திலிருந்து எண்ணுவதே சரி என்பேன். முதல் நூல் எந்தத் தேதியில், யாரிடமிருந்து வந்தது என்பது அதில்தான் இருக்கும். அந்தப் பதிவேடு கையில் இருந்தால், அதாவது.

விழாவுக்காகப் பின்னறையை ஒதுக்குவது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

வன்னியில் ஒரு கல்வி நிறுவன நூலகம். வெள்ளி விழாவுக்குப் பெரிய ஆட்கள் வருகிறார்கள், பின்னறை பார்க்கச் சகிக்கவில்லை, ஒதுக்குங்கள் என்று மேலிருந்து சொல்லிவிட்டார்கள். பிள்ளைகளும் சொன்னதைச் செய்தார்கள். அட்டை கிழிந்த நூல்கள், றோணியோ எனும் பழைய நகல் பொறியில் எடுத்த அறிக்கைகள், பாடசாலை மலர்கள், கும்பாபிஷேக மலர்கள், இறந்தவர்கள் நினைவாக அச்சிட்ட ‘கல்வெட்டு’ மலர்கள், பழைய நூல் சேர்க்கைப் பதிவேடுகள் எல்லாம் கட்டுக்கட்டாகப் பழைய பேப்பர் வாங்குபவரிடம் போயின. கிலோக் கணக்கில் வந்த காசு விழாச் செலவில் சேர்ந்தது. நான் அங்கே போனபோது அறையில் புதுப் பெயின்ற் மணந்தது.

கண்காட்சியில் நூலகத்தின் முதல் நூலை வைக்க ஆசைப்பட்டார்கள். எது முதல் நூல் என்று சொல்லும் பதிவேடும் அந்தக் கட்டோடு போயிருந்தது. அதையாவது விடலாம். விழா முடிந்த பிறகு, வவுனிக்குளம், முத்தையன்கட்டுக் குடியேற்றத் திட்டங்களை ஆராயும் மாணவி ஒருத்தி பழைய அறிக்கைகளைக் கேட்டு வந்தாள். அட்டவணையில் தலைப்புகள் இருந்தன, றாக்கையில் ஒன்றும் இல்லை. அவளுக்கு என்ன பதில் சொல்வது?

வேறு ஊர்களில் ஒரு நூலகம் கழித்தது இன்னொரு நூலகத்தில் கிடைக்கக்கூடும். இங்கே அப்படி நம்பி இருக்க முடியாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. அதன்பின் இடப்பெயர்வுக்கு மேல் இடப்பெயர்வு. 2008, 2009இல் வன்னிச் சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக ஓடியபோது பாடசாலைகளிலும் வாசிகசாலைகளிலும் சங்கக் கட்டடங்களிலும் இருந்த கடதாசிகளை யார் காவிக்கொண்டு போவது? எப்படியோ தப்பி வந்த ஒரு றோணியோத் தாள் அதன் கடைசிப் பிரதியாகவே இருக்கலாம். நல்ல அட்டை போட்ட பாடநூல் தொலைந்தால் மறுபடி வாங்கலாம். ஒரு கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பழைய ஆண்டறிக்கையை எந்தக் கடையில் வாங்குவீர்கள்?

ஆகவே, விழா முடியும்வரை ஒரு தாளும் வெளியே போகாது என்று நூலகக் குழுவில் முதலிலேயே தீர்மானம் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு கழிப்பதானாலும் கணக்கெடுப்புக் குழு பார்த்து, அந்தத் துறை விரிவுரையாளர் ஒருவரும் கையெழுத்திட வேண்டும். நூல் சேர்க்கைப் பதிவேடு எந்தக் காலத்திலும் கழிவுப் பட்டியலில் வரக்கூடாது. 2005 முதல் ஈழத்து வெளியீடுகளை மின்வடிவாக்கி வரும் ‘நூலகம்’ இணையத்தளத்தில் அந்த வெளியீடு இருக்கிறதா என்றும் தேடுங்கள். இல்லாவிட்டால் அதை ஸ்கான் செய்யக் கொடுப்பதே நல்ல விழா வேலை. இருந்தாலும் கையில் உள்ள மூலத்தை எறிந்துவிடாதீர்கள். பின்னறை அலங்கோலமாக இருக்கிறது என்று வெட்கமா? கதவைப் பூட்டிவிடுங்கள், சரி.

பழைய ஆவணத்துக்கு லமினேற் போடுவது

வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்ரிக்கைப் பிறகு தாளைக் கெடுக்காமல் உரிக்க முடியாது. செலோரேப்பும் வேண்டாம்.

மூலப் பிரதியை யன்னலோரம் காட்சிக்கு வைப்பது

வன்னி வெயில் மையைத் தின்றுவிடும். நல்ல நகல் எடுத்து அதை வையுங்கள்.

விழா மலரைப் பாமினியில் தட்டுவது

அச்சில் அழகாகத்தான் வரும். ஆனால் பாமினி எழுத்துருவில் தட்டியது கணினிக்கு உள்ளே வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். பின்னாளில் ஒருவர் ‘இரணைமடு’ என்று தேடினால் உங்கள் மலர் அகப்படாது. அட்டவணையைப் பாமினியில் வைத்திருக்கும் இடங்களில் இந்தத் தலையிடி இன்னும் பெரியது. கட்டுரைகளை யுனிகோட்டில் வாங்குங்கள். பழையவற்றை மாற்றக் கருவிகள் உண்டு, மாற்றிய பிறகு ஒருவர் இருந்து ஒப்பு நோக்கவும் வேண்டும். மலரில் வாழ்த்துச் செய்திகளைக் குறைத்து, ஓய்வுபெற்ற ஊழியர்களின் நினைவுகளுக்குப் பக்கம் ஒதுக்குங்கள். இடப்பெயர்வில் எந்தப் பெட்டியை யார் ஏற்றினார்கள், மழையில் எதை எப்படிக் காய வைத்தார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு மட்டுமே தெரியும்.

நன்கொடை நூல்களை எல்லாம் ஏற்பது

எதை ஏற்போம், எதை ஏற்கமாட்டோம் என்று முதலே எழுதி ஒட்டுங்கள். பிறகு மறுத்தால் மனக்கசப்பு.

எதிர்காலத் திட்டத்தை மேடைக்காக எழுதுவது

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து நூலக விதிகளில் கடைசி விதி, நூலகம் வளரும் ஓர் உயிரி என்பது. அதை எல்லா விழாவிலும் சொல்வார்கள். அப்புறம் பெரிய ஸ்கானர் வாங்குவோம், எல்லாவற்றையும் மின்வடிவாக்குவோம் என்று அறிவிப்பார்கள். அதை யார் இயக்குவது, பழுதானால் எந்தச் செலவுத் தலைப்பில் திருத்துவது என்று கேட்டால் பதில் இருக்காது. கருவிக்கான காசு நன்கொடையாக ஒரு தடவை வரும். ஆளுக்கும் பராமரிப்புக்குமான காசு ஆண்டுதோறும் பாதீட்டில் இருக்க வேண்டும்.

மாணவரைக் கேட்காமல் எழுதும் திட்டமும் பயனில்லை. வவுனியாப் பல்கலைக்கழகம் உள்ள பம்பைமடு நகருக்கு வெளியே இருக்கிறது. பரீட்சைக் காலத்தில் இரவு எத்தனை மணிவரை திறப்பது என்று பேசும்போதே பஸ்சைப் பற்றியும் பேசியாக வேண்டும். தீவு முழுவதிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். தமிழ் தெரியாதவர்களும் தங்களுக்கு வேண்டியதை எங்கள் அட்டவணையில் தேடி எடுக்க முடிகிறதா என்று அவர்களையே கேளுங்கள்.

திட்டத்தில் நான் முதலில் தேடிப் பார்ப்பது, மின்பிரதிகளை எங்கே வைக்கப் போகிறார்கள் என்பதைத்தான். ஒரே கட்டடத்தில் இரண்டு வட்டுகளை வைத்துவிட்டுப் பத்திரம் என்கிறார்கள். தீக்கும் வெள்ளத்துக்கும் இரண்டும் ஒன்றுதான். ஒரு பிரதி வவுனியாவில் இருந்தால் இன்னொன்று வேறு மாவட்டத்தில் இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை இரண்டையும் திறந்து பார்ப்பது யார் பொறுப்பு என்று பதவியின் பெயரோடு எழுதிவிட்டுத் திட்டத்தைப் பேரவைக்கு அனுப்புங்கள்.