ஏரிக்கரை முகாமுக்குப் பிள்ளையை அனுப்பும்போது பெற்றோர் செய்யக் கூடாதவை

கோடை முகாமில் தங்கிவிட்டு வந்த பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அந்தப் பேச்சு வருஷக்கணக்கில் ஓயாது. எங்கள் வீட்டில் அப்படித்தான். என் அப்பா பள்ளிச் சாரணராக இருந்தபோது பாரூர் பெரிய ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கியதை இன்றைக்கும் சொல்வார். விறகு நனைந்து புகைந்தது, களி வேகாமல் கட்டி தட்டிப் போனது, அதையும் விடாமல் சாப்பிட்டு முடித்தது என்று கதை நீளும். என் மகனும் மகளும் கிருஷ்ணகிரி அணைப் பக்கம் நடந்த முகாமுக்குப் போய் வந்த பிறகு அவர்களிடமும் ஒரு கதை மூட்டை சேர்ந்துவிட்டது. ராத்திரிச் சாப்பாட்டின்போது தாத்தா கதையும் பேரன் கதையும் மாறி மாறி ஓடும்.

இந்தக் கதைகள் எதிலும் பெற்றோர் வருவதே இல்லை. பிள்ளை தானே பார்த்தது, தானே சமாளித்தது, கூட்டாளியோடு சேர்ந்து சிரித்தது, இவைதான் நிற்கின்றன. நல்ல எண்ணத்தோடுதான் நாம் பல காரியங்களைச் செய்கிறோம். ஆனால் அவற்றில் பாதி, பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய அந்த இடத்தை நாமே எடுத்துக்கொள்வதாகப் போய்விடுகிறது. தண்ணீர், மருந்து, படுக்கை போன்ற விஷயங்களிலோ, துருவித் துருவிக் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டுவிடுகிறோம்.

கிளம்புகிற அன்று சொல்லும் ஒரு வாக்கியத்திலிருந்து தொடங்கலாம். "பிடிக்கலைன்னா ஒரு போன் பண்ணு கண்ணு, அப்பா உடனே வந்து கூட்டிக்கிட்டு வந்துடறேன்." அன்பாகத்தான் சொல்கிறோம். ஆனால் பிள்ளையின் காதில் விழுவது வேறு. 'நான் தாங்க மாட்டேன் என்று அப்பாவே நினைக்கிறார்' என்று அது எடுத்துக்கொள்ளும். முதல் ராத்திரி கொஞ்சம் மனசு கனத்தாலே போனைத்தான் தேடும். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2007-இல் வீட்டு ஏக்கம் பற்றி ஒரு மருத்துவ அறிக்கை வெளியிட்டது. இப்படி வாக்குக் கொடுக்காதீர்கள் என்று அதிலும் சொல்லியிருக்கிறார்கள். வீட்டை விட்டுத் தங்கும் பிள்ளைகளில் அநேகமாக எல்லோருக்கும் ஓரளவு ஏக்கம் வரும், அது இயல்பானது, முன்கூட்டியே பேசிப் பழக்கினால் குறையும் என்பதுதான் அதன் சாரம். அதனால், "முதல் ராத்திரி வீட்டு ஞாபகம் வரும், எல்லாருக்கும் வரும், பக்கத்தில் படுத்திருக்கிற பிள்ளையோடு பேசு, இல்லையென்றால் அங்கிருக்கிற அக்காவிடம் சொல்லு" என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

ஒத்திகையும் வேண்டும். ஆயா வீட்டில் அம்மா அப்பா இல்லாமல் ஓரிரு ராத்திரி தங்கிப் பழகாத பிள்ளையை நேராக முகாமில் விடுவது சரியில்லை. முடிவெடுக்கும் பேச்சிலும் பிள்ளை இருக்க வேண்டும். முகாம் நடக்கும் இடத்தை ஒருமுறை காட்டிவிடுங்கள். அணைப் பக்கம் என்றால், பூங்கா பார்த்து மீன் வறுவல் சாப்பிடப் போகிற ஞாயிற்றுக்கிழமையே அதற்குப் போதும்.

தினமும் ராத்திரி போன் போடுவது அடுத்த தவறு. பகலெல்லாம் ஆடிவிட்டுத் தூங்கப் போகிற நேரத்தில் அம்மா குரல் கேட்டால் எந்தப் பிள்ளைக்கும் அழுகை வரும். அழுகையைக் கேட்டு நமக்கும் வயிற்றைப் பிசையும். அவசரம் என்றால் முகாம்காரர்கள் கூப்பிடுவார்கள், எந்த எண்ணில் யார் எடுப்பார்கள் என்று கேட்டு வைத்துக்கொண்டால் போதும். பிள்ளை கையில் முகவரி எழுதிய அஞ்சலட்டைகளைக் கொடுத்து அனுப்புங்கள். ஐம்பது காசு அட்டைதான். என் மகள் எழுதிய அட்டை, அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் வந்தது. "அம்மா, இங்க தவளை சத்தம் ஜாஸ்தி. நான்தான் எல்லாருக்கும் முன்னாடி எழுந்தேன். சோப்பு தண்ணில போயிடுச்சு. கேக்காத." கடைசி வார்த்தைக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள். அந்த அட்டை என் பீரோவில் பத்திரமாக இருக்கிறது.

பையை அம்மாவே அடுக்கக் கூடாது. எது எங்கே இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியாமல் போகும். பழைய பருத்தித் துணி, பெயர் எழுதிய துண்டு, டார்ச், வார் வைத்த செருப்பு போதும். ஜீன்ஸ் நனைந்தால் காயாது. தங்கச் சங்கிலி, கொலுசு வேண்டவே வேண்டாம். டப்பா டப்பாவாக முறுக்கு கொடுத்தால் எறும்பும் எலியும்தான் முதலில் வரும்.

மறைப்பது பெரிய தவறு. படுக்கையில் சிறுநீர் போகும் பழக்கம், மூச்சிரைப்பு, வலிப்பு, ஏதாவது சாப்பாடு ஒத்துக்கொள்ளாமை, எதையும் "நாலு பேருக்குத் தெரிய வேண்டாம்" என்று விட்டுவிடாதீர்கள். பொறுப்பாளரிடம் தனியாகச் சொன்னால் அவர் ராத்திரி ஒருமுறை எழுப்பிவிடுவார், பிள்ளையின் மானமும் காப்பாற்றப்படும். மருந்தை, எவ்வளவு எப்போது என்று எழுதிய தாளோடு அவர் கையிலேயே கொடுங்கள். வயதுக்கு வரும் பருவத்துப் பெண் பிள்ளை என்றால், முகாமில் மாதவிலக்கு வந்தால் என்ன செய்வது என்று சொல்லி, நாப்கினும் மாற்றுத்துணியும் பையில் வைத்து, போடும் முறையையும் காட்டி அனுப்புங்கள். முதல்முறை அங்கே வந்துவிட்டால், ஒன்றும் தெரியாத பிள்ளைக்கு முகாம் முழுக்கப் பயமாகத்தான் நினைவிருக்கும்.

இனி தண்ணீர். "ஏரிதானே, கடலா என்ன" என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் கிணற்றில் முதுகில் கேன் கட்டி நீச்சல் பழகியவர்கள். கிணற்றில் நீந்துவது வேறு, ஏரியில் நீந்துவது வேறு. வண்டல் அள்ளிய குழிகள் தண்ணீருக்கடியில் கண்ணுக்குத் தெரியாது, முழங்கால் ஆழத்தில் நிற்கிற பிள்ளை அடுத்த அடியில் தலை மூழ்கும். சேறு காலைப் பிடிக்கும், பாசிக்கொடி சுற்றும். கிருஷ்ணகிரி அணையில் தண்ணீர் நிற்கும் முழு மட்டம் 52 அடி. கோடையில் தண்ணீர் உள்வாங்கினால் கரையில் வெடித்துக் காய்ந்த மண் தெரியும், அதையே நம்பி நடந்தால் கொஞ்ச தூரத்தில் உள்ளே சேறாக இருக்கும். இன்னொன்று, மூழ்குகிற பிள்ளை பெரும்பாலும் கத்தாது. வாய் தண்ணீருக்குள் போய்ப் போய் வருவதால் மூச்சு விடவே நேரமிருக்காது, கத்த எங்கே முடியும்? சத்தம் கேட்டால் ஓடலாம் என்று கரையில் பேசிக்கொண்டிருப்பது காவலே இல்லை.

ஆகவே பணம் கட்டும் முன்பே கேளுங்கள். தண்ணீரில் பிள்ளைகள் இருக்கும்போது வேறு வேலை இல்லாமல் பார்த்துக்கொண்டே இருப்பது யார்? இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்து அடிக்கடி எண்ணுகிறார்களா? பிள்ளை அளவுக்கு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா, அதில் கால்களுக்கு இடையே மாட்டும் கீழ்ப்பட்டை இருக்கிறதா? "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்று பதில் வந்தால் வேறு முகாம் பாருங்கள். ஜாக்கெட் போட வெட்கப்படும் பிள்ளையை ஒகேனக்கல்லுக்குக் கூட்டிப்போய்ப் பரிசலில் ஏற்றுங்கள். அங்கே பெரியவர்களும் அதைப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்கள். யாராவது மூழ்கினால் பின்னாலேயே குதிக்கக் கூடாது, கயிறோ துண்டோ காலிக் கேனோ எறிய வேண்டும், பெரியவர்களைக் கத்திக் கூப்பிட வேண்டும் என்பதையும் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டும். கூட்டாளியைக் காப்பாற்றப் போய் இரண்டு பிள்ளைகளும் போவது நம் ஊர் ஏரிகளில் புதிதில்லை.

ஏப்ரல், மே மாதங்களில் சாயங்காலம் திடீரென்று காற்றும் இடியும் வரும். காற்றில் மாங்காய் உதிரும் என்று பிள்ளைகள் தோப்புக்குத்தான் ஓடுவார்கள். இடி கேட்டதுமே தண்ணீரை விட்டு ஏறி, மரத்தடிக்குப் போகாமல் கட்டடத்துக்குள் போக வேண்டும், கடைசி இடிக்குப் பிறகு அரைமணி நேரம் வெளியே வரக் கூடாது.

தரையில் படுக்க வைக்கும் முகாமா என்றும் கேளுங்கள். கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடும் பாம்பு, கடித்தால் பல நேரம் வலியே தெரியாது. விடிகாலையில் பிள்ளை வயிற்றுவலி என்று சொல்லி, கண் இமை செருகினால், அஜீரணம் என்று விட்டுவிடாமல் 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். இறுக்கிக் கட்டுவதும் கீறிவிடுவதும் கூடாது. கட்டிலும், ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகிய கொசுவலையும் இருந்தால் ஆபத்து பெருமளவு குறையும்.

பிள்ளை திரும்பி வந்த பிறகும் தவறுகள் உண்டு. வண்டியில் ஏறியதுமே "என்ன கத்துக்கிட்ட, என்ன சாப்பாடு, யாரு அடிச்சா" என்று குடைந்தால் "நல்லா இருந்துச்சு" என்ற ஒரே பதிலோடு முடிந்துவிடும். குளிக்கட்டும், தூங்கட்டும். கதை தானாக வரும். என் மகன் வாயே திறக்காமல் இருந்தான். ஒரு நாள் தாத்தா பெங்களூரா மாங்காயைக் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, "தாத்தா, நீங்க களி கிண்டினீங்களே, நாங்க உப்புமா கிண்டினோம், அடி பிடிச்சிடுச்சு" என்று ஆரம்பித்தான். அப்புறம் மதியம் முழுக்க அவனை நிறுத்த முடியவில்லை.

தொலைந்த துண்டுக்குத் திட்டாதீர்கள். முதல் நாள் அழுததைச் சொந்தக்காரர்கள் முன்னால் வேடிக்கையாகச் சொல்லவே சொல்லாதீர்கள். நம்பிச் சொன்னதை நாம் ஊருக்குச் சொன்னால், அடுத்ததைப் பிள்ளை நம்மிடம் சொல்லாது. ஒருவேளை யாராவது தப்பாகத் தொட்டார்கள், மிரட்டினார்கள் என்பது போன்ற விஷயமாக அது இருந்தால்? 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் போகுமுன்பே சொல்லி வையுங்கள். எதைச் சொன்னாலும் திட்டமாட்டார்கள் என்ற நம்பிக்கைதான் பிள்ளையை வாய் திறக்க வைக்கும்.

துவைக்கப் போடும் முன் சட்டைப் பையைப் பாருங்கள், கூழாங்கல்லும் விதையும் இருக்கும், குப்பையில் போட்டுவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் வரும் முகாம் படங்களில் மற்றப் பிள்ளைகளும் இருப்பார்கள், அதுவும் குளிக்கிற கோலத்தில் இருப்பதை ஸ்டேட்டஸில் வைப்பது தவறு. நாலைந்து படங்களை அச்சுப் போட்டு, பின்னால் பெயர்களையும் வருஷத்தையும் பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள். என் அப்பாவிடம் இருப்பது ஒரே ஒரு முகாம் படம்தான். பின்னால் மையில் எழுதி வைத்திருந்ததால்தான் அதில் நிற்கிற ஒவ்வொரு பையனின் பெயரும் எங்களுக்குத் தெரியும்.

"அடுத்த வருஷமும் போறியா?" என்று அன்றைக்கே கேட்டு முன்பணம் கட்டிவிடாதீர்கள். பொங்கல் கழிந்து கேளுங்கள். களைப்பும் கொசுக்கடியும் மறந்து போய், உண்மையிலேயே போக விருப்பமா இல்லையா என்று பிள்ளைக்கே அப்போது தெரிந்திருக்கும். வேண்டாம் என்றால் அந்தக் கோடை ஆயா வீட்டிலேயே இருக்கட்டும்.