சைன் ஆஃப் ஆகி மும்பையில் தங்கிவிட்டீர்களா? பழக ஆள் தேடும் வழி

கப்பல்காரனுக்கு ஆள் பழகத் தெரியாது என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுப் போங்கள். ஏறிய மூன்றாம் நாளே மெஸ்ரூமில் பிலிப்பைன்ஸ்காரனோடும் உக்ரைன்காரனோடும் உட்கார்ந்து, பாதி இங்கிலீஷும் பாதி கைஜாடையுமாக அவன் வீட்டுக் கதை முழுவதையும் கேட்டு முடித்தவர்கள் நாம். சிக்கல் எங்கே என்றால், ஒன்பது மாதக் கான்ட்ராக்ட் முடிந்ததும் கேங்வேயில், அதாவது கப்பல் ஏணியில், கை கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இறங்கி வருகிறோமே, அதில்தான். நம் சிநேகிதம் எல்லாவற்றுக்கும் ஒரு சைன் ஆஃப் தேதி, அதாவது வேலை முடிந்து கப்பலை விட்டு இறங்கும் தேதி, இருந்தது. போசனாக, அதாவது டெக் ஆட்களின் மேஸ்திரியாக, கடைசிக் கப்பலை விட்டு இறங்கி செம்பூர் வீட்டில் வந்து உட்கார்ந்தபோது என் போனில் இருநூறு நம்பருக்கு மேல் இருந்தது. டீ குடிக்கக் கூப்பிட ஒரு ஆள் இல்லை.

ஊருக்கே போய்விடலாமே என்பீர்கள். தூத்துக்குடி, மணப்பாடு, கீழக்கரை என்று எங்கிருந்து வந்தவராக இருந்தாலும் நம்மில் பலர் கதை ஒன்றுதான்: கப்பல் கம்பெனிகளும் ஏஜெண்டுகளும் யூனியனும் இங்கே இருந்ததால் குடும்பத்தை இங்கே கொண்டுவந்தோம், பிள்ளைகள் மராட்டியில் சண்டை போடும் அளவுக்கு வளர்ந்துவிட்டார்கள், ஊரில் இருந்த கூட்டாளிகள் பாதிப் பேர் துபாயில், மீதிப் பேர் கல்லறையில். ஆகவே இங்கேயேதான். இருபது வருஷமாக இதே தெருவில் வீடு இருந்தும் உங்களைத் தெரிந்தவர் யாரும் இருக்க மாட்டார்கள், ஏனென்றால் அந்த இருபது வருஷத்தில் நீங்கள் இங்கே இருந்தது எத்தனை மாதம்?

முதலில் வீட்டை விட்டு வெளியே வாருங்கள், அண்ணாச்சி. இது உங்களுக்காக இல்லை, வீட்டம்மாவுக்காக. இத்தனை வருஷம் அந்த வீட்டுக்குக் கேப்டன், சீஃப் இன்ஜினியர், பண்டாரி (சமையல்காரர்) எல்லாம் அவர்தான். நீங்கள் வந்து போன பாசஞ்சர். நான் முதல் மாதமே ஸ்டோர் ரூம் அடுக்குவதுபோல சமையலறை டப்பாக்களை அளவுவாரியாக அடுக்கி லேபிள் ஒட்டினேன். என் மனைவி ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "நீங்க மறுபடி எப்ப ஜாயின் பண்ணணும்?" என்று கேட்டாள். ரிட்டயர் ஆனது தெரிந்துதான் கேட்டாள். உங்கள் வீட்டம்மாவுக்கும் சர்ச்சில் ஒரு கூட்டம், சீட்டுப் போடுகிற ஒரு கூட்டம், புதன்கிழமை மாஹிம் நொவேனாவுக்குச் சேர்ந்து போகிற ஒரு கூட்டம் என்று எல்லாம் இருக்கும். அதில் போய் ஒட்டிக்கொள்ளாதீர்கள். அது அவர் கட்டியது.

சரி, வெளியே எங்கே போவது? இடத்தை விட நேரம் முக்கியம். உங்கள் உடம்பில் இன்னும் கப்பல் வாட்ச், அதாவது முறைவேலை நேரம், ஓடிக்கொண்டிருக்கும். நான் வெகுகாலம் நாலு-எட்டு வாட்ச் பார்த்தவன், அலாரம் இல்லாமல் மூன்றரைக்கு முழிப்பு வந்துவிடும். முழித்துப் படுத்துக் கொண்டு ஃபேனைப் பார்ப்பதில்தான் பைத்தியம் பிடிக்கும். அந்த நேரத்தில் மும்பையில் யார் முழித்திருக்கிறார்களோ அவர்கள்தான் உங்கள் ஆட்கள். பன்னிரண்டு-நாலு பார்த்தவராக இருந்தால் கூர்க்கா, பால் வண்டிக்காரர், கேப் ஓட்டுகிறவர். நாலு-எட்டு என்றால் பேப்பர் பிரிக்கிற பையன்கள், பூ மார்க்கெட், மீன் துறை. ஏழு மணிக்குப் பார்க்கில் கை தூக்கிச் சிரிக்கிறார்களே, அந்தச் சிரிப்புக் கிளப் இதே ஊரில் 1995-இல் அந்தேரிப் பக்கம் ஒரு பார்க்கில் ஐந்தே பேரோடு ஆரம்பித்ததுதான், இன்று உலகம் முழுக்க இருக்கிறது. பலருக்கு அது நன்றாகவே ஒத்துவருகிறது. எனக்கு வரவில்லை, உத்தரவு போட்டால் சிரிப்பு வராத ஜாதி நான்.

எனக்கு வாய்த்தது பாவுச்சா தக்கா. லோக்கல் ரயிலின் ஹார்பர் லைனில் டாக்யார்டு ரோடு இறங்கி நடந்தால் வரும் துறை, மோராவுக்கும் ரேவஸுக்கும் படகு போகிற இடம், விடியற்காலையில் மீன் ஏலம். கொலாபா பக்கம் இருப்பவர்களுக்கு சசூன் டாக் இருக்கிறது, 1875-இல் திறந்தது, அங்கும் இதே கூத்துதான். ஒரு யோசனை சொல்கிறேன்: ஏலம் நடக்கும் மாதங்களில் போய் யாரோடும் பேச முயலாதீர்கள், கூடை தலையில் இடிக்கும், வசவும் கிடைக்கும். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம் (நம் ஊர்ப் பக்கம் ஏப்ரல் நடுவில் தொடங்கி ஜூன் நடுவில் முடிகிறதே, அது வேறு கணக்கு). அந்த இரண்டு மாதம் விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கும், மழைக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டு வலை பின்னுவார்கள், கயிறு மாற்றுவார்கள். அவர்களுக்கும் பொழுது போகாது, நமக்கும் போகாது.

நான் முதல் வாரம் ஓரமாக நின்று பார்த்துவிட்டு வந்தேன். இரண்டாவது வாரம் ஒரு பையன் முப்புரிக் கயிற்றில் ஐ-ஸ்ப்ளைஸ் (நுனியை மடக்கிப் புரிகளைக் கயிற்றுக்குள்ளேயே செருகிப் போடும் கண்ணி) போட்டுக்கொண்டிருந்தான், மூன்று செருகலோடு அறுத்துவிடப் பார்த்தான். தேங்காய் நார்க் கயிறு, மணிலாக் கயிறு என்றால் மூன்று போதும்; பாலி என்கிற செயற்கை நார்க் கயிறு வழுக்கும், ஐந்தாவது போடாவிட்டால் இழுவை வரும்போது உருவிக்கொள்ளும். வாயைத் திறந்து சொல்லியிருந்தால் "நீ யார் சொல்ல?" என்றிருப்பான். நான் ஒன்றும் பேசாமல் பக்கத்தில் கிடந்த துண்டுக் கயிற்றை எடுத்துப் புரி பிரித்து உட்கார்ந்து போட ஆரம்பித்தேன். பத்து நிமிஷத்தில் நாலு பேர் சுற்றி நின்றார்கள். ஒரு கிழவர் என் கயிற்றை வாங்கி இழுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணா, கோன்ஸா ஜஹாஸ்?" என்றார். எந்தக் கப்பல்? அவ்வளவுதான், அன்றைக்கு மத்தியானம் வரை வீட்டுக்குப் போகவில்லை. எனக்குத் தெரிந்தது கப்பல் ஹிந்தி, அதில் பாதி அதட்டல், மீதி கெட்ட வார்த்தை. அவருக்குக் கோலி மராட்டி, அதாவது இங்கத்து மீனவர் பேச்சு. கயிறு பேசியது.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது என்னவென்றால், கதையோடு போகாதீர்கள், கை வேலையோடு போங்கள். ராட்டர்டாமில் நடந்தது, சாண்டோஸில் நடந்தது என்று ஆரம்பித்தால் முதல் நாள் கேட்பார்கள், மூன்றாம் நாள் உங்களைக் கண்டதும் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்கள். நான் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்: அவர்கள் கதை இரண்டு கேட்டால் என் கதை ஒன்று. வார்த்தையும் கொஞ்சம் கற்றுக்கொள்ளுங்கள், மீன்காரப் பெண்களை 'மௌசி' (சித்தி) என்று கூப்பிட்டு "கஸ காய்?" (எப்படி இருக்கீங்க?) என்று கேட்டால் போதும், விலை குறையாது, ஆனால் நல்ல மீன் கைக்கு வரும். நம்மை எல்லோரும் 'அண்ணா' என்பார்கள். மதராஸி எல்லோருக்கும் அந்தப் பெயர்தான், கோபப்படாதீர்கள்.

கயிறு தெரியாது, நான் இன்ஜின் ரூம் ஆள் என்பீர்களானால், ரே ரோடு ஸ்டேஷன் பக்கம் தாருகானாவுக்குப் போங்கள். கப்பல் உடைத்த சாமான், சங்கிலி, ஷேக்கிள், வால்வு எல்லாம் குவிந்து கிடக்கும் கடைகள். ஒரு வால்வைப் புரட்டிப் பார்த்து அது எந்த பைப் லைனில் இருந்தது என்று சொல்லிப் பாருங்கள், கடைக்காரர் ஸ்டூல் போடுவார்.

நம் கப்பல் இனத்து ஆட்களையும் விட வேண்டாம். பலார்டு எஸ்டேட்டில் சீமென்ஸ் பிராவிடண்ட் ஃபண்டு ஆபீஸுக்கு ஒரு கையெழுத்துக்காகப் போன அன்று பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஒரு கோவாக்காரர், சீஃப் குக்காக இருந்தவர். நான் வேலை செய்த அதே கம்பெனியில், அதே கப்பலில், நான் ஏறுவதற்கு இரண்டு மாதம் முன்னால் இறங்கியவர். அவர் விட்டுப் போன கேலியில்தான் (கப்பல் சமையலறை) நான் சாப்பிட்டிருக்கிறேன். கோவாக்காரர்களுக்கு மும்பையில் 'கூட்' என்று ஒன்று உண்டு, ஊர் ஊராகக் கட்டிவைத்த தங்குமிடம், தோபி தலாவ் பக்கம் நிறைய இருக்கிறது. கப்பலுக்குக் காத்திருக்கும் தார்வட்டிகள், அதாவது அவர்கள் பாஷையில் மாலுமிகள், பெட்டியை வைத்துவிட்டுப் படுக்க ஒரு பாய், சாயங்காலம் கூடி ஜெபமாலை. நம் தமிழ்க் கூடு போலவே ஒலிக்கிற வார்த்தை, வேலையும் அதுதான். அந்தந்த ஊர்க்காரர்களுக்கானது, நாம் போய்த் தங்க முடியாது; சிநேகிதர் கூட்டிப்போனால் உட்கார்ந்து கேரம் ஆடலாம். நம் ஆட்கள் இப்படி ஒன்று கட்டிவைத்திருக்கலாம் என்று ஒவ்வொரு முறையும் எனக்குப் பொறாமையாக இருக்கும்.

பழைய கப்பல் ஆட்களைத் தேடுகிறவர்களுக்கு ஒரு சின்ன வித்தை. கப்பல் பெயரை வைத்துத் தேடாதீர்கள், கை மாறும்போதெல்லாம் பெயர் மாறியிருக்கும். கப்பலின் அடையாள எண்ணான ஏழு இலக்க ஐ.எம்.ஓ. நம்பரைப் பிடியுங்கள், பெயரும் கொடியும் முதலாளியும் மாறினாலும் அந்த நம்பர் சாகும்வரை மாறாது. சி.டி.சி.யை, அதாவது நம் மாலுமிப் புத்தகத்தை, எடுத்துக் கப்பல் பெயரையும் ஏறி இறங்கிய தேதிகளையும் பார்த்து நம்பரைக் கண்டுபிடித்து, நம்பரும் வருஷமும் போட்டு ஃபேஸ்புக்கில் தேடினால் அதே கப்பலில் உங்களுக்கு முன்னும் பின்னும் இருந்தவர்கள் கிடைப்பார்கள். என் முதல் கப்பல் மூன்று பெயர் மாறி குஜராத்தின் அலங் கரையில் உடைபட்டிருந்தது. அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. தேடுவதற்கு முன் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

ரேடியோ ஆபீசர்களாக இருந்தவர்கள் இதைப் படித்தால், உங்களுக்குத்தான் நல்ல வழி இருக்கிறது. 1999 பிப்ரவரி 1-ஆம் தேதியோடு ஜி.எம்.டி.எஸ்.எஸ். என்கிற தானியங்கி ஆபத்துக்காலத் தொடர்பு முறை முழுதாக வந்து உங்கள் வேலையைத் தூக்கிச் சாப்பிட்டதே, உங்கள் மோர்ஸ் தந்தி இன்றும் ஹாம் ரேடியோ என்கிற பொழுதுபோக்கு ரேடியோவில் உயிரோடு இருக்கிறது. பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்க வேண்டும், பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளும் எழுதுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு 'மார்க்கோனி சாப்' முலுண்டில் காலேஜ் பையன் ஒருவனுக்கு மோர்ஸ் சொல்லிக்கொடுத்து, இப்போது அவனோடு சேர்ந்து ராத்திரி முழுக்கத் தட்டிக்கொண்டிருக்கிறார். வயது வித்தியாசம் ஐம்பதுக்கு மேல். பையனின் அம்மாதான் தினமும் இட்லி கொடுத்துவிடுகிறார்.

இனி ஒரு எச்சரிக்கை, இதில் நான் சூடு பட்டிருக்கிறேன். கப்பல்காரர் என்று தெரிந்ததும் புதுப் பழக்கத்தில் நாலில் ஒருவர் "நம்ம பையனைக் கப்பல்ல ஏத்திவிடுங்க" என்று வந்து நிற்பார். இடையில் நிற்காதீர்கள், பணத்தைத் தொடவே தொடாதீர்கள். ஒரு பையனை நான் நம்பி ஒரு ஏஜெண்டிடம் அனுப்பினேன், அந்த ஏஜெண்ட் இரண்டு லட்சம் வாங்கிக்கொண்டு ஆபீஸைப் பூட்டிவிட்டுப் போனான், பையனின் அப்பா இன்றும் என்னோடு பேசுவதில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. வேலை கொடுக்க மாலுமியிடம் பணம் வாங்குவதே சட்டப்படி தப்பு. ஏஜெண்டுக்கு ஆர்.பி.எஸ்.எல்., அதாவது மாலுமிகளை வேலைக்கு எடுக்கும் லைசென்ஸ், இருக்கிறதா என்று அரசின் டி.ஜி. ஷிப்பிங் வலைத்தளத்தில் எப்படிப் பார்ப்பது என்று மட்டும் உட்காரவைத்துக் காட்டிக்கொடுங்கள். அதோடு நிறுத்துங்கள்.

அப்புறம் பாட்டில். அதை மட்டும் நம்பிக் கூடுகிற கூட்டம் பாட்டில் தீர்ந்ததும் கலைந்துவிடும், நமக்கெல்லாம் தெரிந்த விஷயம்தான். பில்டிங் சொசைட்டி மீட்டிங்கில் போசன் குரலை எடுக்காதீர்கள், செயலாளர் உங்கள் ஓ.எஸ். (கீழ்நிலை மாலுமி) இல்லை. நான் ஒருமுறை எடுத்தேன். இப்போது தண்ணீர்த் தொட்டி கழுவும் பொறுப்பு எனக்கு, சம்பளம் இல்லாமல்.

போன ஜூலையில் காய்ச்சல் வந்து மூன்று நாள் படுத்துவிட்டேன். யாருக்கும் சொல்லவில்லை, சொல்ல வேண்டும் என்றும் தோன்றவில்லை. கப்பலில் வாட்சுக்கு ஐந்து நிமிஷம் தாமதமானால் கேபின் கதவை யாராவது தட்டுவார்கள், கரையில் யார் தட்டப் போகிறார்கள் என்று கிடந்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் கதவைத் தட்டியது அந்த ஐந்து செருகல் பையன். டாக்யார்டு ரோட்டிலிருந்து ரயில் பிடித்து, செம்பூரில் நாலு பில்டிங் ஏறி இறங்கி, "ஜஹாஸ்வாலா அண்ணா வீடு எது?" என்று விசாரித்து வந்திருக்கிறான். கிழவர் அனுப்பினாராம், உயிரோடு இருக்கிறேனா என்று பார்த்து வர. கையில் பேப்பரில் சுற்றிய பொம்பில் கருவாடு ஒரு கட்டு. அந்த வாசம் என் மனைவிக்கு ஆகாது. அவனுக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டுக் கருவாட்டை பால்கனியில் கட்டித் தொங்கவிட்டாள், மேல் வீட்டுக்காரர் செயலாளரிடம் புகார் கொடுக்கும் வரை அங்கேயே தொங்கியது.