காயலான் கடையில் கிடைத்த இங்கிலீஷ் இசைத்தட்டை எப்படிக் கேட்பது?

பெரம்பூரில் ரயில்வே வேலையை நம்பிக் குடியிருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக வெளிநாடு கிளம்பியபோது, பியானோவுக்கு ஆள் கிடைத்தது, இசைத்தட்டுகளுக்குக் கிடைக்கவில்லை. அவற்றில் சில இன்னமும் காயலான் கடைகளில் கரை ஒதுங்குகின்றன. வியாசர்பாடியில் ஒரு கடையில் குனிந்து புரட்டிக்கொண்டிருந்தேன். கடைக்கார பாய் கேட்டார்: "இன்னா சார், கேக்கறதுக்கா, செவுத்துல மாட்றதுக்கா?" காபி கடைக்காரர்கள் அலங்காரத்துக்கு அள்ளிப் போகிறார்களாம். கேட்பதற்குத்தான் என்றதும் என்னைப் பாவமாகப் பார்த்தார்.

நீங்களும் கேட்கத்தான் போகிறீர்கள் என்றால், முதல் வேலை கடைக்குப் போவதல்ல. ஏற்கெனவே தெரிந்த ஒரு குழுவை எடுத்துக்கொண்டு, அவர்களுடைய தெரியாத ஆல்பம் ஒன்றைப் போனில் கேளுங்கள். பீ ஜீஸ் என்றால் நம் ஊரில் 1977-இன் டிஸ்கோதான் ஞாபகம் வரும். 1969-இல் அவர்களே 'ஒடெஸ்ஸா' என்று இரட்டைத் தட்டு போட்டார்கள், சிவப்பு வெல்வெட் மாதிரி அட்டையோடு. செல்லோவும் வயலினும் நிரம்பிய பாட்டுகள், ஆட்டத்துக்கு இடமே இல்லை. அதிலிருந்து எந்தப் பாட்டை சிங்கிளாக, அதாவது தனிப் பாட்டுத் தட்டாக, விடுவது என்ற சண்டையில் ராபின் கிப் குழுவை விட்டே போனார்.

அடுத்து, அந்தத் தட்டு ஏன் கவனிக்கப்படாமல் போனது என்று பாருங்கள். இதைத்தான் நான் அழுத்திச் சொல்வேன். ஓடாத தட்டு என்றதும் பாட்டு சுமார் என்று முடிவு கட்டிவிடுகிறோம். கிங்க்ஸ் குழுவின் 'வில்லேஜ் கிரீன்' இங்கிலாந்தில் வெளியான நாள் 22-11-1968. அதே நாளில்தான் பீட்டில்ஸின் வெள்ளை அட்டை இரட்டைத் தட்டும் வந்தது. தீபாவளிக்கு ரஜினி படத்தோடு மோதிய சின்னப் படத்தின் கதி. 1972-இல் மெம்பிஸ் நகரத்து பிக் ஸ்டார் குழுவின் முதல் ஆல்பத்தைப் பத்திரிகைகள் புகழ்ந்தன. விநியோகம் சொதப்பியதால் தட்டு கடைக்கே ஒழுங்காக வரவில்லை. ஜோம்பீஸ் கதை இன்னும் மோசம். 1968-இல் அவர்களுடைய தட்டு வெளிவரும் முன்பே குழு கலைந்துவிட்டது. அட்டையில் தட்டின் பெயரிலிருந்த 'ஒடிஸி' என்ற சொல்லைக்கூட எழுத்துப் பிழையோடு அச்சடித்தார்கள். அதிலிருந்த ஒரு பாட்டு அமெரிக்காவில் 1969-இல் ஹிட் ஆனபோது மேடையேற ஆளில்லை. இந்த மூன்றிலும் பாட்டின் குற்றம் எங்கே?

இப்போது கடைக்குப் போகலாம். சென்ட்ரல் பக்கத்தில் இருந்த பழைய மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்த பிறகு கடைகள் போன அல்லிக்குளம் வளாகத்தில் தேடலாம். காயலான் கடைகளிலும் பார்க்கலாம். அட்டை அழகில் மயங்காதீர்கள். தட்டை எடுத்து டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடியுங்கள். மயிரிழைக் கோடுகள் பரவாயில்லை. நகத்தை மெல்ல ஓட்டும்போது தடுக்கும் கீறல் இருந்தால் முள் அங்கே குதிக்கும், விட்டுவிடுங்கள். கண்மட்டத்தில் கிடையாகப் பிடித்தால் வளைவு தெரியும். ராயபுரம், காசிமேட்டுக் கடல்காற்றில் இருந்த தட்டில் வெள்ளைப் புள்ளியாகப் பூஞ்சை படிந்திருக்கும்; அது பெரும்பாலும் கழுவினால் போய்விடும்.

கழுவுவதற்கு போர் தண்ணீர் கூடாது. நம் பக்கத்துத் தண்ணீரின் உப்பு காய்ந்ததும் பள்ளங்களில் ஒட்டிக்கொள்ளும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள். அரை லிட்டரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டே சொட்டு. நடு லேபிளில் ஈரம் படாமல் ஒரு டிபன் பாக்ஸ் மூடியைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, மைக்ரோஃபைபர் துணியால் பள்ளங்கள் போகும் திசையிலேயே வட்டமாகத் துடையுங்கள், குறுக்கே வேண்டாம். பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரால் இன்னொரு தடவை. நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் கனமான பழைய தட்டு கிடைத்தால் ஸ்பிரிட் பக்கமே கொண்டு போகாதீர்கள். அது அரக்கு, கரைந்துவிடும். காய வைப்பது நிழலில். மே மாதம் மொட்டை மாடியில் பத்து நிமிஷம்தானே என்று நான் வைத்த தட்டு அப்பளமாக நெளிந்து வந்தது. அதுதான் கடைசியில் சுவரில் மாட்டியிருக்கிறது. பாய்க்கு இன்னும் சொல்லவில்லை.

பிளேயர் விஷயம் சுருக்கமாக. முள் தட்டை அழுத்தும் எடையைச் சரிசெய்ய வசதியுள்ளதாகப் பாருங்கள். சாதாரண கார்ட்ரிட்ஜுக்கு (முள்ளைத் தாங்கும் சின்னப் பகுதி) ஒன்றரை முதல் இரண்டு கிராம் வரை போதும். முள் குதிக்கிறதென்று மேலே காசு வைக்கும் பழைய வித்தை தட்டைத் தின்றுவிடும்.

கேட்கும்போது ஒரு பக்கத்தை முழுசாகக் கேளுங்கள், சுமார் 20 நிமிடம். பாட்டுகளின் வரிசைக்குக் காரணம் உண்டு. எல்.பி. என்கிற பெரிய தட்டின் வெளி ஓரத்தில் முள்ளுக்கு அடியில் வினாடிக்கு சுமார் 50 செ.மீ. பள்ளம் ஓடும், லேபிளை நெருங்கும்போது 21 செ.மீ.தான். இடம் குறைந்தால் ஒலியின் கூர்மையும் குறையும். அதனாலேயே பல தட்டுகளில் அதிரடிப் பாட்டு முதலிலும் அமைதியான பாட்டு கடைசியிலும் வரும். கடைசிப் பாட்டு கொஞ்சம் கரகரத்தால் உடனே முள்ளைச் சந்தேகிக்க வேண்டாம்.

தட்டு வாங்க இன்னும் மனசு வரவில்லையா? ஆங்கிலப் பாடகர் நிக் டிரேக்கின் 'பிங்க் மூன்' (1972) ஆல்பத்தைப் போனில் கேளுங்கள், மொத்தமே 28 நிமிடம். பேசின் பிரிட்ஜில் சிக்னலுக்காக ரயில் நின்றால் ஒரே நிறுத்தத்தில் முடிந்துவிடும்.

முதல் தடவை ஒன்றும் ஒட்டாது, எனக்கும் ஒட்டவில்லை. இரண்டு நாள் விட்டு மறுபடி, பிறகு ஒரு வாரம் விட்டு மூன்றாவது தடவை. அப்போதும் பிடிக்கவில்லை என்றால் பாயிடமே கொடுத்துவிடுங்கள், எடைக்கு எடுத்துக்கொள்வார். அட்டைக்குத் தனி விலை.